பத்துக் காய், இரண்டு புத்தகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான். இல்லாதவள் அக்கா. அவள் மட்டும் காலையிலேயே இருந்திருந்தால் இத்தனை செலவு வந்திருக்காது என்று அம்மா இன்றுவரை சொல்கிறாள். அவள் வந்த பிறகுதான் செலவே ஆரம்பித்தது என்பது அப்பாவின் கட்சி.

எங்களைத் தவிர இரண்டு புத்தகங்களும் இருந்தன. கட்டிலில் சுத்தமான துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் வைத்திருந்தோம். ஒன்று ஆயிரத்து இருநூறு பக்கம், இன்னொன்று நானூறு பக்கம். இரண்டும் ஆங்கிலம், இரண்டும் இரவல். திங்கட்கிழமை இரண்டையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் எதை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் வாங்கக் காசு இல்லை. அதைவிட, இரண்டையும் படிக்க நாள் இல்லை. என்னிடம் இருந்தது பத்து வாரம்.

எதற்குப் பத்து வாரம் என்று சொல்லிவிடுகிறேன்.

வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. வரிசையாக ஆறு வீடுகள், நடுவில் எங்களுடையது. அப்பா தோட்டத்து ஸ்டோரில் தீ போடுபவர். பறித்து வரும் பச்சைக் காயை அளவாகச் சூடு காட்டி உலர்த்துவது அவர் வேலை. உலர்ந்த காயைப் பருமன் பார்த்துப் பிரிப்பது அம்மாவின் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா சாம்பிள் எடுப்பவள். ஏலத்துக்குப் போகிற காய் எப்படிப்பட்டது என்று சாக்கில் முழங்கை வரை கைவிட்டு எடுத்துக் காட்டுவாள். மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கொச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதும் புரோகிராம்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று சோதித்துச் சொல்வதுதான் அப்போது என் வேலை. "நீயும் சாம்பிள்காரன்தான்டா. ஒனக்கு ஏசி இருக்கு, எனக்கு இல்ல, அம்புட்டுத்தான்" என்பாள் அக்கா.

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். என் லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போய் வெகுநாளாயிற்று. வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். மூன்று மணி நேரம் ஒரு சோதனை ஓடியது. முடிவுகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவிட்டதாகத் திரையில் வந்தது. அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்ததும் கரண்ட் போனது. அரைமணி கழித்து வந்தது. திறந்து பார்த்தேன். கோப்பின் பெயர் இருந்தது. அளவு பூஜ்யம்.

கோபம்தானே வர வேண்டும்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுதிவிட்டேன் என்று சொன்னதே, பின்னே எழுதியது எங்கே போயிற்று?

எங்கள் குழுவின் தலைவி ஒரு மலையாளி. நாங்கள் எல்லோரும் அவரைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எழுதிக் கேட்டேன். குரல் செய்தியில் மலையாளத்தில் விளக்கம் வந்தது. நம் புரோகிராம் 'இதை எழுது' என்று சொல்லும்போது, அதை வாங்கிக்கொள்வது டிஸ்க் அல்ல. இயங்குதளத்தின் உள்ளே உட்கார்ந்திருக்கும் கெர்னல்தான் வாங்குகிறது. வாங்கியதைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஆயிற்று என்று நம்மிடம் சொல்லிவிடுகிறது. டிஸ்க்குக்குச் சாவகாசமாக அப்புறம் கொண்டுபோகும். நடுவில் கரண்ட் போனால் போனதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "மேட்டுல இருந்து காய் ஜீப்புல கிளம்புது. ஜீப்பு கிளம்புனதுமே, காய் ஸ்டோருக்கு வந்தாச்சுன்னு கங்காணி எழுதிட்டாரு. வளைவுல ஜீப்பு கவுந்துருச்சு. இப்போ காய் எங்க?" என்று கேட்டேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிளம்புனதுக்கு எதுக்கு எழுதுறாரு? ஸ்டோர்ல எறக்குனதுக்குல்ல ரசீது வாங்கணும்?"

அவ்வளவுதான். இறக்கியதற்கு ரசீது கேட்க, புரோகிராம் கெர்னலைக் கூப்பிடும் ஒரு தனி அழைப்பு இருக்கிறது. அது பதில் சொல்லும்வரை காத்திருந்தால் எழுத்து டிஸ்க்கில் சேர்ந்துவிட்டது என்று நம்பலாம். இப்படி நூற்றுக்கணக்கான அழைப்புகள் கெர்னலின் வாசலில் இருக்கின்றன. இத்தனை நாளாக அந்த வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரம் சேச்சி ஒரு விஷயம் சொன்னார். கம்பெனியில் டிஸ்க்கோடும் நினைவகத்தோடும் நேரடியாக மல்லுக்கட்டும் குழு ஒன்று உண்டு. அங்கே ஒரு நாற்காலி காலியாகிறது. பத்து வாரத்தில் உள்ளுக்குள்ளேயே ஒரு பரீட்சை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். "சும்மா வீடியோ பார்த்துக்கொண்டு வராதே. ஒரே ஒரு புத்தகம், அட்டையிலிருந்து அட்டை வரை" என்றார். இரண்டு புத்தகங்களின் பெயரைச் சொன்னார். இரண்டுமே நல்லவை, உனக்கு எது ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அந்த நாற்காலியை விட்டால் அடுத்தது எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவில் இருப்பவர்களைப் பார்த்தால் லேசில் எழுந்து போகிறவர்களாகத் தெரியவில்லை. தப்பான புத்தகத்தை எடுத்து நாலு வாரம் முட்டிக்கொண்டால் பரீட்சையை மறந்துவிட வேண்டியதுதான்.

மெல்லிய புத்தகம் சேச்சியுடையது. சனி, ஞாயிறுக்கு மட்டும் கொடுத்தார். தடித்தது நான் படித்த பாலிடெக்னிக் நூலகத்தில் இருந்தது. ஊருக்கு வரும் வழியில் இறங்கி, என் பழைய ஆசிரியர் ஒருவரின் அட்டையில் எடுத்து வந்தேன்.

உண்மையைச் சொன்னால் என் மனசு தடித்ததன் பக்கம்தான். அந்தக் குழுவில் மூன்று மேசைகளில் அதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் அதன்மேல் மானிட்டரையே ஏற்றி வைத்திருந்தார். அதைக் கையில் வைத்திருந்தாலே ஒரு கம்பீரம்.

அப்பாவும் என் பக்கம்தான். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிப் பார்த்தார். ஏலக்காய்க்கு 'லிட்டர் வெயிட்' என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி எடை போடுவார்கள். எடை கூடினால் உள்ளே அரிசி, அதாவது விதை, நிறைந்திருக்கிறது என்று பொருள். அப்பாவுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் லிட்டர் வெயிட் உண்டு.

"இதுல என்னத்தடா யோசிக்கிற? எட நிக்குது பாரு. இந்தா, இது பதரு" என்று மெல்லியதைத் துண்டின்மேல் போட்டார்.

"எடைய வச்சு வாங்க அது என்னா பழைய பேப்பரா?" என்றாள் அம்மா. "டேய், நீ ரெண்டையும் படிச்சுப் பாத்தியா?"

"ரெண்டுலயும் மொத அத்தியாயம் படிச்சேம்மா. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"மொத அத்தியாயம் நல்லாத்தான் இருக்கும். சாக்கு வாயில எவனாச்சும் சொத்தக் காய வப்பானா?"

அம்மா இதைச் சொன்னதும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாம்பிள் எடுத்துவிட்டால் என்ன? ஸ்டோரில் பத்துக் காயை எடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே அரிசி கறுப்பாகப் பிசுபிசுத்தால் விளைந்த காய், வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. பத்துக்கு எத்தனை கறுப்பு என்பதுதான் பேச்சு. புத்தகத்துக்கும் பத்துப் பக்கம் எடுப்போம். பார்த்ததும் எனக்குப் புரியாது, ஆனால் உட்கார்ந்தால் பிடிபடும் என்ற பக்கம் கறுப்பு. முட்டிக்கொண்டாலும் ஏறாது என்றால் வெள்ளை. ஏற்கெனவே தெரிந்த பக்கம் வெறும் தோல், அது கணக்கில் இல்லை.

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தைப் புரட்டப் போனேன். அம்மா என் கையில் ஒன்று போட்டாள்.

"காய்க்குச் சொந்தக்காரன் சாக்குல கை விடக் கூடாது. தெரியாதா ஒனக்கு?"

அது ஸ்டோர் வழக்கம். சொந்தக்காரர் கை விட்டால் நல்ல காயாகத் தேடி எடுத்துவிடுவார். அதனால் வேறொருவர்தான் எடுக்க வேண்டும். இங்கிலீஷ் ஓர் எழுத்துகூடத் தெரியாத அம்மாவைவிட நியாயமான கை வேறு எங்கே கிடைக்கும்? எடுத்த பக்கத்துக்கு அடையாளமாக, முந்தானையில் முடிந்து வைத்திருந்த காய்களில் ஒவ்வொன்றை வைத்தாள். வீட்டுத் தேவைக்கு ஒதுக்கியவை அவை. சரியாகக் காயாத மெத்தென்ற காய்கள்.

அம்மா நேராக அடிக்குப் போனாள். கள்ளத்தனமெல்லாம் அடியில்தான் இருக்கும் என்பது அவள் நம்பிக்கை. தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களாகவே எடுத்து நீட்டினாள்.

"இது என்னா?" என்றார் அப்பா.

"இது சொல் பட்டியல்ப்பா. எந்தச் சொல்லு எந்தப் பக்கத்துல இருக்குன்னு போட்டிருக்கும்."

"இதுல பாடம் இல்லையா?"

"இல்ல. பாடத்தத் தேடுறதுக்கு."

"அப்போ தூசி."

"தூசி இல்லப்பா, அது..."

"இதத் தின்ன முடியுமா?"

"முடியாது."

"பெறகென்ன? தூசிதான். அடுத்தத எடு."

அடுத்ததும் பட்டியல்தான். அதற்கடுத்தது பிழை எண்களின் அட்டவணை. தடித்த புத்தகத்துக்குப் பத்துக்கு இரண்டு கறுப்பு கிடைத்தது. மெல்லியதன் கடைசிப் பக்கங்கள் பயிற்சிக் கணக்குகளின் விடைகள், ஒவ்வொன்றும் படத்தோடு. பத்துக்கு ஒன்பது. ஒரு நிமிஷம் முன்பு வரை எடை நிற்கிறது என்ற அப்பா, தடித்ததைத் தொடைமேல் வைத்துத் தட்டிக்கொண்டே, "பூராவும் தூசிடா இது. தூசிய வச்சு எடையக் காட்டியிருக்கான்" என்று கட்சி மாறினார். எனக்கு வாட்டமாகிவிட்டது. மானிட்டரைத் தாங்கி நின்ற புத்தகம் இப்படியா தோற்க வேண்டும்?

இரண்டு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. அவசரமாக ஏலத்துக்குப் போக வேண்டிய ஒரு சரக்குக்குச் சாம்பிள் எடுக்க அன்று காலையில் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னா இது, புத்தகத்துல காய் காய்ச்சிருக்கு?"

சொன்னோம். முதலில் சிரித்தாள். பிறகு கட்டிலின் முனையில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தாள்.

"யாரு கை விட்டது?"

"நான்தான்" என்றாள் அம்மா, பெருமையாக.

"எங்க விட்ட?"

"அடியில."

"அடியில மட்டுமா? ஏம்மா, இருபது வருசமா ஸ்டோர்ல இருக்க! மேல மட்டும் எடுத்தா விக்கிறவன் பொய்யி, அடிய மட்டும் எடுத்தா வாங்குறவன் பொய்யி. மேல மூணு, நடுவுல நாலு, அடியில மூணு எடுக்கணும். தூசின்னா தள்ளிட்டு வேற எடுக்கணும்." என் பக்கம் திரும்பினாள். "சரி, காய ஒடச்சது யாரு?"

"நான்."

"நீயா? கறுப்பா வெள்ளையான்னு நீயேவா சொன்ன?" அக்கா கைதட்டிச் சிரித்தாள். "நல்லாருக்குடா வெவகாரம்! சொந்தக்காரன் கை விடக் கூடாதாம், ஆனா காய அவனே ஒடச்சு அவனே வெல சொல்லுவானாம்!"

"வேற யாருக்கு இங்கிலீஷ் தெரியும் இங்க?"

"ஒங்க சேச்சிக்குத் தெரியும்ல?"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமக்கா."

"நான் மட்டும் எங்கிட்டு இருந்து வாரேன்? கூப்பிடு."

லயத்துக்குள் போனில் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்கும். தண்ணீர் டாங்க் இருக்கும் மேட்டில் நின்றால் தெளிவாகக் கேட்கும். நாலு பேரும் கிளம்பினோம். தடித்ததை அப்பா தூக்கிக்கொண்டார், மெல்லியது அக்காவிடம், குடை அம்மாவிடம். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், "சாம்பிள் காட்டப் போறோம்" என்றார் அப்பா, நிற்காமலே.

சேச்சி மீன் கழுவிக்கொண்டிருந்தாராம். விஷயத்தைச் சொன்னதும் போனுக்குள் கொஞ்ச நேரம் சிரிப்புதான் கேட்டது. பிறகு, "நில்லு, கை கழுவட்டே" என்றார். திரும்பி வந்தபோது அவர் குரலிலும் ஒரு குதூகலம் இருந்தது.

அம்மா வைத்த காய்களை உருவிக்கொண்டு, அக்கா மேல், நடு, அடி என்று கைவிட்டு எடுத்தாள். பக்கத்துக்கு ஒரு காய் வைத்தாள். நான் படித்துவிட்டு, என்ன புரிந்தது என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு, டாங்க்கின் சுவர்மேல் வைத்திருந்தோம். சேச்சி 'சரி' அல்லது 'அல்ல' என்பார். அப்பா விரல்விட்டு எண்ணுவார்.

முதலில் தடித்த புத்தகம். ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் பல த்ரெட்களைப் பற்றிய பக்கம் வந்தது. ஒரு பொருளை ஒருவர் தொடும்போது மற்றவர் தொடாமலிருக்கப் பூட்டு போடுவது. இது பிடிபட்டுவிட்டதே! கணீரென்று சொன்னேன்.

சேச்சி கேட்டார்: ஒருவன் கையில் ஒரு பூட்டு, இன்னொருவன் கையில் இன்னொரு பூட்டு. ஒவ்வொருவனும் மற்றவனிடம் இருப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். நீ சொன்னபடி எழுதினால் அப்போது என்ன ஆகும்?

நான் பக்கத்தை மறுபடி பார்த்தேன். நான் சொன்னபடி எழுதினால் இருவரும் காலம் முழுக்க அப்படியே நிற்க வேண்டியதுதான். அந்தப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் அது இருந்தது. படித்தேன், ஆனால் உள்ளே போகவில்லை.

"அல்ல" என்றார் சேச்சி.

"வெள்ள" என்றாள் அக்கா. "மொகமே வெளுத்துருச்சு."

தடித்ததில் நான் கறுப்பு என்று நினைத்துச் சொன்னவை ஆறு. அதில் நாலை சேச்சி வெள்ளையாக்கிவிட்டார். மிச்சப் பக்கங்கள் என் வாயாலேயே வெள்ளை. அம்மா அடியில் மட்டும் எடுத்தபோதும் பத்துக்கு இரண்டு, இப்போதும் பத்துக்கு இரண்டு. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

மெல்லியதில் நாலாவதாக எடுத்த பக்கம். ஒரு கோப்பைத் திறந்தால் கெர்னல் நமக்கு ஓர் எண் தரும். அந்த எண்ணை நகலெடுத்தால் என்ன ஆகும் என்று பாடம். "எனக்குப் புரியல சேச்சி, வெள்ளைன்னு வச்சுக்குவோம்" என்றேன்.

"பக்கத்தோட அடியில் ஒரு சோத்யம் உண்டல்லோ. படம் வரைஞ்சு நோக்கு" என்றார்.

கேள்விக்குப் படம் வரையக் காகிதம் இல்லை. டாங்க் சுவரின் பாசியில் குச்சியால் பெட்டி பெட்டியாகக் கீறினேன். கோப்பை இரண்டு முறை திறந்தால் இரண்டு பெட்டி. எதுவரை படித்தோம் என்ற குறி ஒவ்வொன்றுக்கும் தனி. நகலெடுத்தாலோ எண் இரண்டு, பெட்டி ஒன்று. ஆகவே குறியும் ஒன்றுதான். ஒருவர் படித்தால் மற்றவருக்கும் சேர்த்தே இடம் நகர்ந்துவிடும். போன மாசம் இரண்டு நாள் என் உயிரை வாங்கிய ஒரு கோளாறு, பாதி வரிகளை மட்டும் தின்றுவிட்டுப் போன அந்தக் கோளாறு, இதுதான்! இதேதான்!

"சேச்சி! அந்தப் பாதி வரி! அது இதுதான்! ரெண்டும் ஒரே குறியப் பிடிச்சு இழுத்திருக்கு!" நான் கத்தியதில் கீழே லயத்தில் ஒரு நாய் குரைத்தது.

"சரி, சரி, சரி!" என்றது போன்.

"கறுப்பு!" என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது தெரிந்திருந்தது, அது போதும்.

மெல்லியதற்குப் பத்துக்கு ஏழு. வெள்ளையான மூன்றிலும், ஏன் புரியவில்லை என்பதாவது புரிந்தது. சேச்சி கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். தடித்தது நாலு வருஷமாக அவர் மேசையிலும் இருக்கிறது. வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்வாரே தவிர, "முழுவன் ஞானும் வாயிச்சிட்டில்ல, கேட்டோ. ஆரோடும் பறயண்டா." முழுசாக அவரும் படித்ததில்லையாம், யாரிடமும் சொல்லக் கூடாதாம். போனை வைக்கும்முன் மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் மலையில் மழை தூறிக்கொண்டு வராது. மொத்தமாக வந்து விழும். அக்கா மெல்லியதை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். தடித்தது அப்பாவின் ஸ்வெட்டருக்குள் அடங்கவில்லை. குடையை அவர்மேல் பிடித்தபடி அம்மாவும், அவர்களுக்குப் பின்னால் நானுமாகச் சரிவில் இறங்கினோம். நால்வரும் தெப்பல். மெல்லியதில் ஒரு துளி படவில்லை. தடித்ததன் விளிம்பு மட்டும் லேசாக நனைந்திருந்தது.

"தாள் சுருண்டுரும்" என்று அப்பா அதைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தார். உலர்த்துவது அவர் துறை. நாங்கள் யாரும் குறுக்கே பேசவில்லை.

மெல்லியதில் இருந்த பத்துக் காய்களையும் அக்கா எடுத்துவிட்டாள். தடித்ததில் இருந்ததை நான் எடுத்திருப்பேன் என்று அவள் நினைத்தாள். அம்மா எடுத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். அக்கா இருக்கும்போது நமக்கென்ன என்று அம்மா நினைத்திருக்கிறாள்.

திங்கள் காலை முதல் பஸ். மூட்டையைத் தூக்கி, பையோடு அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன். பாலிடெக்னிக் நூலகத்தில் மேசைமேல் வைத்தேன். நூலகர் பையைப் பிரித்தார். முதலில் வந்தது வாசனை. அவர் மூக்கைச் சுளித்துவிட்டு, பிறகு தன்னையறியாமல் ஒரு தடவை ஆழமாக இழுத்தார். புத்தகத்தைத் திறந்தார். ஏல அரிசிகள் உருண்டு மேசையில் சிதறின. காயிருந்த ஒவ்வொரு பக்கத்திலும் தட்டையான ஒரு தோல், அதைச் சுற்றிப் பழுப்பாக ஓர் எண்ணெய்க் கறை. பக்கத்துத் தாள்களுக்கும் ஊறியிருந்தது.

"இது பொஸ்தகமாணோ, அதோ ஏலக்கா டின்னோ?" என்று கேட்டார்.

சாம்பிள் எடுத்தோம் என்று அவரிடம் விளக்க முயன்றேன். பாதியில் நிறுத்திவிட்டேன். விதி எளிது. புத்தகத்தைக் கெடுத்தால் அதன் விலையைக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் கெட்டது நமக்கு. ஆசிரியரின் அட்டை வேறு, அவர் பெயர் கெடக் கூடாது. மெல்லியதை வாங்க வைத்திருந்த பணம், அதோடு அந்த மாசத்துச் சாப்பாட்டுப் பணத்தில் ஒரு பகுதி, இரண்டும் போயிற்று. அட்டையின் உட்புறம் 'நீக்கப்பட்டது' என்று மலையாளத்தில் முத்திரை குத்தித் தந்தார்.

பத்துக்கு இரண்டு கறுப்பு என்று ஊரறியத் தள்ளிய புத்தகம் இப்போது என்னுடையது. பத்துக்கு ஏழு வந்ததை வாங்க வழியில்லை. கொச்சி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் பையைப் பார்த்து, பாயசம் கொண்டுபோகிறேனா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் சேச்சியின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கச் சிரித்தாள். பக்கத்தில் அம்மா, "காய் எடுக்கலியா? நீ எடுக்கலியா?" என்று யாரையோ அதட்டுவது கேட்டது. பிறகு அக்கா சொன்னாள்:

"சரி விடு. சாம்பிள் எடுத்தது நானு. பத்துக்கு ஏழு வந்ததும் என் கையிலதான். அத விட்டுட்டு ரெண்ட வச்சுப் படிச்சுத் தோத்தேன்னா என் கைக்குல்ல கெட்ட பேரு? சின்னதுக்கு நான் தாரேன்."

"நீ எதுக்குக்கா..."

"சும்மா இல்லடா. அந்த ரசீது வெவகாரம், கரண்ட் போனா எழுதுனது எங்க போகுதுங்கிறது, முழுசாப் படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லணும். பாதியில விட்டுருக்கு."

பத்து வாரம் நான் நடந்த நினைவே இல்லை, ஓடியதுதான் நினைவு. மெல்லியதை பஸ்ஸிலும் கேன்டீனிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பயிற்சியையும் போட்டேன். கறுப்பென்று நினைத்துப் பின்னால் வெள்ளையானவற்றுக்குத் தடித்ததைத் திறந்தேன். நான் அதிகமாகத் திறந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? அப்பா தூசி என்று தள்ளினாரே, அந்தச் சொல் பட்டியலைத்தான். எந்த அழைப்பு எந்தப் பக்கம் என்று அதுதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது. அப்பாவிடம் சொன்னேன். "தூசிக்கும் வெல உண்டுடா, யாவாரி வாங்குவான்" என்று உடனே மறுபடி கட்சி மாறினார்.

பரீட்சையில் நேர்முகமும் இருந்தது. எழுதியதாகச் சொன்ன ஒரு கோப்பு ஏன் காலியாக இருக்கக் கூடும் என்று கேட்டார்கள். மானிட்டர்காரர்தான் கேட்டார். அழைப்புகளை வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் அசையவில்லை. ஜீப், வளைவு, ஸ்டோர், ரசீது என்று அக்காவுக்குச் சொன்னதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இதை எழுதுவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு புத்தகங்களையும் எடுத்துப் போனேன். அக்காவுக்கு மிச்சக் கதையைச் சொல்லி முடித்தேன். மொத்தம் என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். மெல்லியது இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது, தடித்தது நாலாயிரத்து நானூற்று ஐம்பது என்றேன். "கணக்குல எங் காய் எங்க?" என்றாள் அம்மா. அதையும் சேர்த்தால் ஏழாயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய், பத்து ஏலக்காய்.